ஏழு நாளில் முடியும் இலவசச் சிகிச்சை. அதன் பிறகே இறுகும் கால்கள்

புது தில்லி: சாலை விபத்தில் முதுகுத் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவற்றுக் கிடப்பவரின் கால் சில வாரங்கள் கழித்து ஒரு நாள் திடீரெனத் துள்ளுகிறது. போர்வையை விலக்கினால் முழங்கால் மடங்குகிறது. பாதத்தைத் தொட்டால் கணுக்கால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வீட்டார் மகிழ்ந்து போகிறார்கள். ‘கால் வந்துவிட்டது' என்று ஊருக்குச் செய்தி பறக்கிறது. நேர்ந்துகொண்ட தெய்வத்துக்கு நன்றி சொல்லக் கிளம்புகிறவர்களும் உண்டு.

மருத்துவர் மட்டும் மகிழ்வதில்லை. அந்தத் துள்ளல், இழந்த இயக்கம் திரும்பியதன் அறிகுறி அன்று. மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதன் அறிகுறி. விபத்து நடந்த சில நாள்கள் அல்லது வாரங்கள் வரை தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்து கிடக்கும். அப்போது தசைகள் துவண்டிருக்கும். அதிர்ச்சி விலகியதும், காயத்துக்குக் கீழேயுள்ள நரம்புகள் மேலிடத்து உத்தரவின்றித் தாமாகவே இயங்கத் தொடங்குகின்றன. தசை சற்று இழுபட்டாலும் அது சுருங்க வேண்டும் என்பது உடலின் அடிப்படை அனிச்சைச் செயல். அதை வேண்டிய அளவுக்கு அடக்கி வைப்பது மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதை. பாதை அறுந்தால் அடக்க ஆளில்லை. தசை இறுகுகிறது, இறுகிய தசை மேலும் இறுகுகிறது. இதையே மருத்துவ உலகம் தசை இறுக்கம் என்கிறது. தண்டுவடத்தின் அடிநுனிக்குக் கீழே, நரம்புக் கற்றையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் இது நேர்வதில்லை. அவர்களது கால்கள் கடைசிவரை துவண்டே இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறு தொல்லையாகத் தோன்றலாம். அனுபவிப்பவருக்கு அப்படியல்ல. இரு தொடைகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டால், சிறுநீர்க் குழாய் செருகுவதும் உடலைச் சுத்தம் செய்வதும் தினசரிப் போராட்டமாகின்றன. பாதம் கீழ்நோக்கி வளைந்து உள்பக்கம் திரும்பிவிட்டால், சக்கர நாற்காலியின் கால்தாங்கியில் பாதத்தை வைக்க முடியாது, காலணியும் ஏறாது. இரவில் கால்கள் உதறி உதறி உறக்கத்தைக் கெடுக்கும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும் நேரத்தில் உடல் விறைத்தால் கீழே விழ நேரும். தோல் உரசி உரசிப் படுக்கைப் புண் உண்டாகும். அந்தப் புண்ணின் உறுத்தலே இறுக்கத்தை மேலும் தூண்டும். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் வளைந்த நிலையிலேயே உறைந்துவிடும். பிறகு அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை.

அதே நேரம், இறுக்கம் முழுக்க முழுக்கப் பகையும் அன்று. ஓரளவு நரம்பிணைப்பு மிஞ்சியவர்களில் சிலர், விறைத்த காலையே ஊன்றுகோலாக்கி எழுந்து நிற்கிறார்கள். அவர்களது இறுக்கத்தை முற்றிலும் தளர்த்திவிட்டால் நிற்பதும் போய்விடும். எதைத் தளர்த்துவது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் மறுவாழ்வு மருத்துவரின் திறமை இருக்கிறது. இறுக்கம் திடீரென அதிகரித்தால் அவர்கள் முதலில் மருந்துச் சீட்டை எடுப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். உணர்வில்லாத உடல், வலியைச் சொல்ல வேறு மொழியின்றி இறுக்கத்தால் சொல்கிறது.

மாத்திரையும் ஊசியும்: உடல் முழுவதும் பரவிய இறுக்கத்துக்கு முதல் மருந்து பேக்லோஃபென் மாத்திரை. டிசானிடின் போன்றவையும் உண்டு. விலை குறைவு, ஆனால் தூக்கக் கலக்கம், சோர்வு, உடலெங்கும் பலவீனம் ஆகியவை உடன் வரும். கைகளின் வலுவை மட்டுமே நம்பி நாற்காலியை உருட்டுபவருக்குக் கையும் சேர்ந்து தளர்ந்தால் என்ன பயன்? தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே பேக்லோஃபெனைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்பு ஒன்று உண்டு. அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்க வேண்டும். நம் நாட்டில் சாமானியர்கள் அதன் விலையைக் கேட்டதோடு திரும்பிவிடுவார்கள்.

இறுக்கம் குறிப்பிட்ட சில தசைகளில் மட்டும் மிகுந்து தொல்லை தரும்போதுதான் பொட்டுலினம் நச்சு ஊசிக்கு இடம் வருகிறது. போடாக்ஸ் என்ற வணிகப் பெயரில் நகரத்து அழகு நிலைய விளம்பரங்களில் புகழ்பெற்ற அதே பொருள்தான். நெற்றிச் சுருக்கத்துக்கு 20 அலகு போதும். ஒரு காலின் இறுக்கத்தைத் தளர்த்த 300 முதல் 400 அலகு வரை தேவைப்படுகிறது. நாட்டில் இந்த மருந்தின் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அதை முகத்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறார்கள். சுருக்கம் நீக்க அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது 2002-ல்தான். மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1989 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது. பிறவியால் அது நோயாளியின் மருந்தே.

விஷம் மருந்தான கதை: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன இறைச்சிக் குழலை உண்டவர்கள் கண்ணிமை தொங்கி, நாவு வறண்டு, மூச்சடங்கி மாண்டார்கள். கவிஞராகவும் மருத்துவராகவும் விளங்கிய யுஸ்டினுஸ் கெர்னர் 1820-களில் இந்த நோயை விரிவாக எழுதி வைத்தார். நரம்பின் மிகைத் துடிப்பால் வரும் நோய்களுக்கு இதே நஞ்சு மருந்தாகக் கூடும் என்றும் அவர் ஊகித்தார். 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற சிற்றூரில், சாவு வீட்டில் இசைத்துவிட்டுப் பன்றி இறைச்சி உண்ட வாத்தியக் குழுவினர் பலர் நோயுற்று, மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தவர் எமில் வான் எர்மெங்கெம். லத்தீன் மொழியில் இறைச்சிக் குழலைக் குறிக்கும் ‘பொட்டுலஸ்' என்ற சொல்லே நஞ்சுக்கும் பெயராயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது இது போர்க்கருவியாகுமா என்று அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஆராயப்பட்டது. அந்த ஆய்வில் பங்கேற்று நஞ்சைத் தூய்மைப்படுத்திய எட்வர்ட் ஷான்ட்ஸ், பின்னாளில் அதை சான்ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்டுக்குக் கொடுத்து உதவினார். மாறுகண்ணை அறுவையின்றிச் சரிசெய்ய முடியும் என்று ஸ்காட் 1980-ல் வெளியிட்ட முடிவுகளே இன்றைய சிகிச்சையின் தொடக்கம். கையின் தசை இறுக்கத்துக்கு அமெரிக்காவில் 2010-லும், காலின் இறுக்கத்துக்கு 2016-லும் முறைப்படி அனுமதி கிடைத்தது.

நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்தால்தான் தசை சுருங்கும். அந்தச் சுரப்புக்கு இன்றியமையாத புரதம் ஒன்றை நஞ்சு வெட்டிவிடுகிறது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாள்களில் தளர்ச்சி தென்படத் தொடங்கி, சுமார் 4 வாரங்களில் உச்சத்தை எட்டும். நரம்பு நுனி மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால் ஏறத்தாழ 3 மாதங்களில் பலன் மங்கிவிடும். மறு ஊசிக்குக் குறைந்தது 12 வாரம் காத்திருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால், நஞ்சை உடல் எதிரியாக அடையாளம் கண்டு முறியடிக்கும் வாய்ப்பு கூடும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும் பகுதி பக்கவாதம் வந்தவர்களிடமும், மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளிடமும் நடந்தவை. தண்டுவடக் காயம் அடைந்தவர்களிடம் நடந்தவை குறைவு. தண்டுவடம் அறுந்தவருக்கு இரு கால்களும், வயிறும், சில வேளை கைகளும் சேர்ந்தே இறுகுகின்றன. ஒரு தடவையில் செலுத்தக்கூடிய அளவுக்கு வரம்பு இருப்பதால், எல்லாத் தசைகளுக்கும் ஊசி போட இயலாது. எனவேதான் மருத்துவர்கள் முதலில் ஒரு குறிக்கோளைக் கேட்கிறார்கள். குழாய் செருகத் தொடை விரிய வேண்டுமா, பாதம் தட்டையாக வேண்டுமா, விரல் விரிந்து கரண்டியைப் பிடிக்க வேண்டுமா? நடை திரும்பும் என்ற உறுதியை இந்த ஊசி தருவதில்லை. அவ்வாறு சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் பணம் விரயமே. தசை தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதங்களில் நாள்தோறும் நீட்டுப் பயிற்சி அளித்து, தக்க அச்சுப்பட்டை கட்டி, மூட்டைப் பழக்க வேண்டும். சரியான தசையைக் கண்டறிய மின் அலைக் கருவி அல்லது அல்ட்ராசவுண்ட் உதவியும் வேண்டும். மருந்தையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அலகும் மற்றொன்றின் அலகும் ஒன்றல்ல. குப்பி மாறினால் கணக்கும் மாறும். நஞ்சு செலுத்திய இடத்திலிருந்து பரவி, விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் சிரமம் தரக்கூடும் என்று 2009-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்து உறையிலேயே கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. கழுத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு ஏற்கெனவே மூச்சுத் திறன் குறைந்தவர்களுக்கு இது முக்கியம்.

தண்டுவடக் காயத்துக்கென்றே இந்த மருந்துக்குத் தெளிவான அனுமதி கிடைத்த இடம் கால் அன்று, சிறுநீர்ப்பை. கட்டுப்பாடிழந்த சிறுநீர்ப்பைத் தசை தானாகச் சுருங்குவதால் ஓயாத கசிவும், உள்ளே அழுத்தம் கூடிச் சிறுநீரகமே பழுதாகும் அபாயமும் உண்டு. இதற்கு 200 அலகு செலுத்தும் முறையை 2011 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. கசிவுக்கு அஞ்சியே வெளியே வராமல் வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்கு, கால் தளர்வதைவிட இது பெரிய விடுதலை.

விலையைப் பற்றி: 100 அலகு கொண்ட குப்பியின் விலை பல ஆயிரம் ரூபாய். காலுக்கு மூன்று, நான்கு குப்பிகள். ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவை. சம்பாதித்தவரே படுத்துவிட்ட குடும்பத்தின் கணக்கு இது. அதனால்தான் அரசு மருத்துவமனைகளில் பல மறுவாழ்வு மருத்துவர்கள் இன்றும் பழைய ஃபீனால் ஊசியைக் கைவிடவில்லை. நரம்பின் மீதே செலுத்தப்படும் அது மிக மலிவு. பலனும் சில மாதங்கள் நீடிக்கும். உணர்வு எஞ்சியிருப்பவர்களுக்கு எரிச்சலும் வலியும் தரலாம் என்பதும், போடுபவருக்குக் கைப்பழக்கம் தேவை என்பதும் அதன் குறைகள்.

தலைநகரில் இந்தத் துறைக்கு அடையாளமாக நிற்பது வசந்த் குஞ்சிலுள்ள இந்திய முதுகுத் தண்டுவடக் காய மையம். அதை நிறுவிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, 1965 மே 29-ல் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தவர். அதே ஆண்டு பாகிஸ்தானுடனான போரில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பெற்ற சிகிச்சை, அதைப் போன்ற ஒன்றை இந்தியாவில் உருவாக்கும் எண்ணத்தை அவருக்கு அளித்தது. 2022 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே போரில் தண்டுவடத்தில் குண்டு தாங்கிய முரளிகாந்த் பெட்கர், 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். தமிழகத்துக்கு இதில் இன்னும் பழைய பங்கு உண்டு. 1954-ல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர்; வேலூரில் 1966-ல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவர். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும், கடற்படைத் தேர்வில் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவரே. பாதிக்கப்பட்டவர்களே கட்டி எழுப்பிய துறை இது. அரசு பின்னால் வந்தது.

எந்த அமைச்சகத்தின் பொறுப்பு? 2022-ல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்து, 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். இறந்தோர் கணக்கு ஆண்டுதோறும் அவையில் வைக்கப்படுகிறது. காயமடைந்தோரில் எத்தனை பேரின் தண்டுவடம் முறிந்தது என்பதை அந்தக் கணக்கு பிரித்துக் காட்டுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகளில் சுமார் 54 லட்சம் பேர் ‘இயக்கக் குறைபாடு' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிட்டனர்.

விபத்தில் சிக்கியோருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மே 5-ல் அறிவிக்கையாக வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு வந்த திட்டம் என்றாலும் வரவேற்கத்தக்கதே. ஒருவருக்கு ரூ. 1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை. உயிர் காக்க இது உதவும். ஆனால் தண்டுவடம் அதிர்ச்சியிலிருந்து விழித்து, தசைகள் இறுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த 7 நாள்கள் கழிந்த பிறகே. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்' திட்டமும் முதல் 48 மணி நேரத்தைக் குறிவைத்ததே.

அடுத்து ஆயுஷ்மான் பாரத். 2018-ல் தொடங்கிய இத்திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாக வைத்து அமைந்தது. ஆண்டுக்கணக்கில் புற நோயாளியாக வந்துபோகும் ஒருவரின் மாத்திரையும், பயிற்சியும், அச்சுப்பட்டையும் அந்தச் சட்டகத்துக்குள் எளிதில் பொருந்துவதில்லை. புற நோயாளிச் செலவையும் ஏற்கும் ‘நிரமயா' காப்பீடு ஒன்று உண்டு, ரூ. 1 லட்சம் வரை. அது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. மூளை முடக்குவாதத்தால் கால் இறுகிய சிறுவனுக்கு இத்திட்டத்தில் இடமுண்டு. தண்டுவடக் காயத்தால் அதே கால் அதே விதமாக இறுகிய அவனது தந்தைக்கு இடமில்லை.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறியது. பண மதிப்பிழப்பு அமளியில் இரு அவைகளும் நாள்தோறும் முடங்கிய அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில், 14-ஆம் தேதி மாநிலங்களவையும் 16-ஆம் தேதி மக்களவையும் கட்சி வேறுபாடின்றி ஏற்ற மசோதா அது. 1995 சட்டத்திலிருந்த 7 வகைக் குறைபாடுகள் 21 ஆக உயர்ந்தன. தண்டுவடக் காயம் அட்டவணையில் தனிப் பெயரோடு இடம்பெறவில்லை. உடலியக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்புக்குள்தான் அதைத் தேட வேண்டும். சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச மருந்தும் பரிசோதனையும் திருத்த அறுவைச் சிகிச்சையும் பற்றிப் பேசுகிறது. வேறு அரசுக் காப்பீடு எதிலும் சேராதவர்களுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் பற்றியும் பேசுகிறது. 25-ஆவது பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவ வசதி என்கிறது. படிக்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 24-ஆவது பிரிவு தொடங்குவதே ‘பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற வாசகத்தோடு. நாடாளுமன்ற வரைவாளர்களுக்கு மிகப் பிடித்த வாசகம் அது. கொடுத்த கையாலேயே எடுத்துக்கொள்ள வழி வைப்பது.

கேள்வி நேரத்தில் உறுப்பினர் ஒருவர் இதைக் கேட்டாலும், எந்த அமைச்சரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கல். விபத்து, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தது. மருந்து, சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. சக்கர நாற்காலி, சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் 2012-ல் உருவான தனித் துறையிடம். போதாக்குறைக்கு, பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாற்றுத் திறனாளிகளுக்கான நிவாரணமும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. பதிலின் முதல் வரியை அவை நிருபர்கள் மனப்பாடமாகவே அறிவார்கள்.

இத்தனைக்கும் நடுவே, விபத்துக்குள்ளானவருக்கு இந்தச் செலவைச் சட்டப்படி கேட்டுப் பெற ஓர் இடம் உண்டு. அது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டின் தலைப்புகளை வரிசைப்படுத்தியபோது, எதிர்கால மருத்துவச் செலவையும் அதில் சேர்த்தது. கடுமையான காயங்களில், குறிப்பான மருத்துவச் சான்று இருந்தால் அது வழங்கப்படும். ஆனால் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்படும் சான்றிதழில் பல நேரங்களில் ஊனத்தின் சதவிகிதம் மட்டுமே இருக்கிறது. எந்தெந்தத் தசைக்கு, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, எத்தனை அலகு ஊசி, உடன் எவ்வளவு காலம் பயிற்சி, சிறுநீர்ப்பைக்கு என்ன சிகிச்சை என்று மறுவாழ்வு மருத்துவர் எழுதித் தந்து, கேட்டால் நேரில் சாட்சியும் சொன்னால்தான் நீதிபதி தொகையைக் கணக்கிட முடியும். இழப்பீடு ஒரே தடவையில் மொத்தமாகத் தீர்மானிக்கப்படுவது. தீர்ப்புக்குப் பிறகு கால் இறுகுகிறது என்று போனால், அந்தக் கோப்பு மூடப்பட்டிருக்கும்.